டெஸ்மண்ட் தூக்கின இடது கை

என் தங்கச்சி புருஷன் டெஸ்மண்ட் செத்து மூணு வருஷம் ஆகுது. அவன் சாகற அன்னிக்குக் காலையில, அவனுக்கு எண்ணெய் பூசி ஜெபம் சொல்ல வந்த ஆஸ்பத்திரி ஃபாதரைத் திருப்பி அனுப்பினவன் நான். அனுப்பினது மட்டும் இல்ல, "அவனே வேண்டாம்னுட்டான்"னு என் தங்கச்சி ஜோவிதாகிட்டப் பொய்யும் சொன்னேன். என்னை அலெக்சாண்டர்னு சொல்வாங்க. விவேக் நகர்ல கேட்டுப் பாருங்க, "அந்த சாமி இல்லைங்கற ஆளா?"ன்னு வீட்டைக் காட்டிடுவாங்க. இந்தப் பேரை நானே பாடுபட்டுச் சம்பாதிச்சேன்.

டெஸ்மண்ட் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சாத்தான் நான் பண்ணினது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்னு விளங்கும். அதனால அவனைப் பத்தி முதல்ல சொல்லிடறேன்.

அவனுக்கு மைக் செட் தொழில். குழந்தை இயேசு கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி, மெழுகுவர்த்திக் கடைங்களுக்கு நடுவுல ஒரு சின்னக் கடை. உள்ள ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பாக்ஸும் போக, ஒரு ஆள் உக்கார இடம் இருந்தா அதிகம். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வர்ற ஜனம் அவன் கடை வாசல்லயே செருப்பை விட்டுட்டுப் போகும். "ஏன்டா, இது என்ன செருப்பு ஸ்டாண்டா, நீ வாயே திறக்க மாட்டியா?"ன்னு நான் கத்துவேன். அவன் சிரிச்சுக்கிட்டே, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மச்சான், அவங்க திரும்பி வந்து எடுத்துக்குவாங்க"ம்பான். கோபமே வராத ஜென்மம். எனக்கும் சேர்த்து அவன் பொறுமையா இருந்தான், அவனுக்கும் சேர்த்து நான் கத்தினேன்.

எங்க பங்குக் கோயில்ல தமிழ்ப் பூசை, கன்னடப் பூசை, இங்கிலீஷ் பூசை மூணுக்கும் அவன்தான் மைக். அல்சூர்ல ஆடிக் கிருத்திகைக்கு அவன். பிரேசர் டவுன்ல ரம்ஜான் மாசம் கூட்டம் நடந்தா அவன். கணபதி உக்கார வெக்கற பசங்களுக்கும் அவன். "எந்த சாமிக்குடா நீ வேலை செய்யறே?"ன்னு கேட்டா, "பேசறவங்க குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான் என் வேலை"ன்னுடுவான்.

கோயில்ல அவன் உக்கார்ற இடம் இடது பக்கத் தூணுக்குப் பின்னால. அங்கிருந்து பேச முடியாது இல்லையா, அதனால பைபிள் வாசகம் படிக்கறவங்களுக்குக் கையாலதான் சொல்லுவான். கட்டை விரலைத் தூக்கினா, பேசலாம். உள்ளங்கையைக் கீழ பார்த்து அமுக்கினா, மெதுவா. உள்ளங்கையை வெளிய காட்டி நிறுத்தினா, பொறு, இன்னும் லைன் வரலை. வலது கை எப்பவும் ஆம்ப்ளிஃபயர் குமிழ்லயே இருக்கும், அதனால சைகை எல்லாம் இடது கையிலதான். பங்குல சின்னப் பிள்ளைங்களுக்குக்கூட இந்தச் சைகை தெரியும். நான் ஃபாக்டரியில ரிட்டயர் ஆன பிறகு, பொழுது போகாம அவன்கூட ஒயர் சுத்தப் போவேன். எனக்கு அவன் கையைப் பார்த்தா வாயைப் பார்த்த மாதிரி. இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னால வேணும்.

ஒரு விஷயம். முப்பது வருஷம் ஒரு பூசை விடாம கோயில்ல உக்காந்திருந்த அந்த மனுஷன் ஒரு தடவைகூட எழுந்து போய் நன்மை, அதான் ஃபாதர் குடுக்கற அப்பம், வாங்கினது கிடையாது. ஜோவிதாவோ ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுக்கறவ. டீச்சரோட புருஷனே நன்மை வாங்கறதில்லைன்னா ஊர் சும்மா இருக்குமா? பழைய பங்கு ஃபாதர் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டே விட்டார். அவன் சொன்ன பதிலை ஜோவிதா எங்கிட்டச் சொல்லியிருக்கா. "ஃபாதர், அதை வாங்கும்போது ஆமென்னு சொல்லணும். எனக்கு அந்த அளவுக்கு நிச்சயம் இல்ல. நிச்சயம் இல்லாம சொன்னா அது உங்களை ஏமாத்தறது"ன்னானாம். ஃபாதர் அவன் தோளைத் தட்டிட்டுப் போயிட்டாராம்.

இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியலை. பார்த்தியா, நம்ம ஆளுடா இவன்! நான் நாத்திகன் ஆனதுக்குப் பெரிய கதை ஒண்ணும் கிடையாது. இருபத்திரண்டு வயசுல ஃபாக்டரி யூனியன் ரூம்ல நாலு புஸ்தகம் படிச்சேன், பிடிச்சுது, ஆயிட்டேன். எங்க தெருவுல எனக்குக் கூட்டே இல்ல. ஒத்தை ஆளா நாப்பது வருஷம் கத்தினவனுக்கு, சொந்த வீட்டுக்குள்ளயே ஒரு கூட்டாளி கிடைச்சா எப்படி இருக்கும்?

ஆனா அவன் ஒத்துக்கவே மாட்டான். "இல்ல மச்சான், நீங்க இல்லைன்னு சொல்றீங்க. நான் தெரியாதுன்னு சொல்றேன். ரெண்டும் வேற"ம்பான்.

"என்னடா பெரிய வேற? ரெண்டு பேரும் முழங்கால் போடலை, ரெண்டு பேரும் நன்மை வாங்கலை. பலன் ஒண்ணுதானே?"

"மச்சான், ஸ்பீக்கர்ல சத்தம் வரலைன்னு வெச்சுக்குங்க. ஒருவேளை அந்தப் பக்கம் பேசறவரே இல்லாம இருக்கலாம். ஒருவேளை ஒயர் எங்கயோ கட்டாகி இருக்கலாம். ஒருவேளை என் காதே ரிப்பேரா இருக்கலாம். எதுன்னு பார்க்காம, 'பேசறவர் இல்ல'ன்னு எழுதிக் குடுத்துட்டுக் கடையை மூடினா நான் என்ன மெக்கானிக்?"

"முப்பது வருஷமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கே? சத்தம் வந்துதா?"

"வரலை. ஆனா இன்னும் ஒயரை முழுசாப் பார்த்து முடியலையே."

"போடா, மதில்மேல் பூனை!"

"பூனைக்கு அங்கேயிருந்துதான் மச்சான் ரெண்டு பக்கமும் தெரியுது."

இப்படியே போகும். எனக்கு எரிச்சல் எரிச்சலா வரும். எதிரியைக்கூட மன்னிச்சுடலாம், இந்த நடுவுல நிக்கறவனை மன்னிக்க முடியாது, பயந்தாங்கொள்ளின்னு முகத்துக்கு நேரா சொல்லியிருக்கேன். அவன் டீ வாங்கிக் குடுப்பான்.

ஒரு தடவை அல்சூர்ல சின்ன ஹால் எடுத்து எங்க பகுத்தறிவுக் கூட்டம் போட்டோம். மைக் அவன்தான், வேற யாரு. கூட்டம் முடியற நேரத்துல எனக்குக் குஷி வந்து, "இதோ ஓரமா உக்காந்திருக்காரே என் மச்சான் டெஸ்மண்ட், முப்பது வருஷம் கோயிலுக்குள்ளயே உக்காந்தும் கடவுளை நம்பாத வீரர், அவரும் நம்ம ஆளுதான்"னு சொல்ல ஆரம்பிச்சேன். 'நம்ம'ங்கறதுக்கு மேல எதுவும் ஸ்பீக்கர்ல வரலை. என் வாய் மட்டும் அசையுது. பார்த்தா, குமிழைச் சுத்தமா இறக்கிட்டு, இடது உள்ளங்கையை எங்கிட்டக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். பொறு. எல்லாரும் ஒயர் கோளாறுன்னு நினைச்சாங்க. அப்புறம் ஒயர் சுத்தும்போது மெதுவாச் சொன்னான், "என் மைக்ல என்னைப் பத்தியே தப்பாச் சொன்னா எப்படி மச்சான்?" அவன் எங்கிட்டக் கோபப்பட்டதுன்னா அது ஒண்ணுதான்.

அதோட நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை.

மூணு வருஷத்துக்கு முன்னால ஆகஸ்ட் மாசம், கடையில உக்காந்திருந்தவன் அப்படியே சரிஞ்சான். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போச்சு, பேச்சு போச்சு. கண்ணும் இடது கையும் மட்டும் அவன் சொன்னதைக் கேட்டுது. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் ஜோவிதா அவனை விட்டு நகரலை. மூணாவது நாள் காலையில, "நீ போய்க் குளிச்சிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வா, நான் பார்த்துக்கறேன்"னு நான்தான் அவளை அனுப்பி வெச்சேன்.

அவ போய்க் கால் மணி நேரம் இருக்கும். ஃபாதர் வந்தார். வயசானவர். கையில சின்ன எண்ணெய்ச் சிமிழ்.

"கத்தோலிக்கர்னு எழுதியிருக்கு. நோயில்பூசுதல் கொடுக்கட்டுமா? நீங்க அவருக்கு யாரு?"

"மச்சான் ஃபாதர். ஆனா வேண்டாம். அவர் நாத்திகர்."

"அவரே அப்படிச் சொல்லியிருக்காரா?"

"முப்பது வருஷமாச் சொல்றார்."

எவ்வளவு சுலபமா வந்துது தெரியுமா வாயில? அவன் எதிர்லயே. குமிழைத் திருகி நிறுத்த அவனுக்கு வலது கையும் இல்ல, வாயும் இல்ல.

அப்பத்தான் அவன் இடது கை போர்வையை விட்டு மேல எழுந்துது. நடுங்கிக்கிட்டே எழுந்து, உள்ளங்கை வெளிய தெரியற மாதிரி நின்னுது.

ஃபாதர் பார்த்துட்டார். "ஏதோ சொல்றாரே?"

எனக்குத் தெரியும். குழந்தைக்குக்கூடத் தெரியற சைகை. பொறு, இன்னும் லைன் வரலை. எனக்குத் தெரியலைன்னு ஒரு நாளும் நான் சொல்லிக்க முடியாது. தெரிஞ்சும்தான் சொன்னேன்.

"போயிட்டு வாங்கன்னு விடை குடுக்கறார் ஃபாதர்."

ஃபாதர் ஒரு நிமிஷம் நின்னார். "சரி, நான் அவருக்காக வேண்டிக்கறேன்"னு சொல்லிட்டுப் போனார். கை இறங்கலை. நான்தான் அதைப் பிடிச்சுப் போர்வை மேல இறக்கி வெச்சேன். "போயிட்டாருடா, நிம்மதியாப் படு"ன்னேன். டெஸ்மண்ட் என்னைப் பார்த்தான். கோபமா பார்த்திருந்தாக்கூடத் தேவலை. ஒயர் கட்டான இடம் எதுன்னு தேடற மாதிரி, நிதானமா, என் முகத்தையே பார்த்தான். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டான். மத்தியானம் ரெண்டாவது தடவை பக்கவாதம் வந்துது, முடிஞ்சுபோச்சு.

ஏன் அப்படிப் பண்ணேன்? ஜெயிக்கணும்னு. வேற ஒண்ணும் இல்ல. சாகப் போறவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு நான் ஓட்டுச் சேர்த்துக்கிட்டு இருந்தேன். கடைசியில அவன் கொஞ்சம் ஆசைப்பட்டு எண்ணெய் பூசிக்கிட்டா, முப்பது வருஷ வாக்குவாதத்துல நான் தோத்துடுவேனாம். த்தூ!

நர்ஸ் சிஸ்டர் சொல்லி, ஃபாதர் வந்து போனது ஜோவிதாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அழுதுக்கிட்டே எங்கிட்ட வந்தா. "அண்ணா, ஃபாதர் வந்தாராமே? பூசினாரா?"

அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா. டெஸ்மண்டே வேண்டாம்னு கையைக் காட்டிட்டான்"னேன்.

அவ அழுகையை நிறுத்திட்டா. அதுதான் எனக்கு பயமா இருந்துது. அடக்கப் பூசை வைக்கறோம்னு பங்கு ஃபாதர் சொன்னதுக்கு, அவளே வேண்டாம்னுட்டா. "என் புருஷன் ஒரு நாளும் பொய்யா ஆமென் சொன்னது கிடையாது ஃபாதர். கடைசியில வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவர் மேல நான் எதையும் திணிக்க மாட்டேன்"னா. கல்லறையில சின்னதா ஒரு ஜெபம், அதோட சரி. எங்க பகுத்தறிவுக் கூட்டத்துக்காரங்க எங்கிட்ட வந்து, "கடைசி வரைக்கும் கொள்கை மாறாத மனுஷன்"னு கை குடுத்தாங்க. நானும் குடுத்தேன்.

அதுக்கப்புறம் அவன் பேருக்கு அவ ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலை. திதி நாள் வரும், அவ வீட்டுல உக்காந்து அவன் போட்டோவைத் துடைப்பா, அவ்வளவுதான். இத்தனைக்கும் தெருவுல எவன் செத்தாலும் அவனுக்காக ஜெபமாலை சொல்ற பொம்பளை அவ. ஒரு நாள் நான் தாங்க மாட்டாம, "ஆசையா இருந்தா ஒரு பூசை வெச்சுக்கோயேம்மா"ன்னேன். "நீங்களா சொல்றீங்க?"ன்னு ஆச்சரியமாப் பார்த்துட்டு, "வேண்டாம் அண்ணா, அவர் விருப்பம் இல்ல"ன்னுட்டா.

இந்த வருஷம் நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாள். எப்பவும் அவ தனியா ஆட்டோவுல போயிட்டு வந்துடுவா. இந்தத் தடவை முழங்கால் வீங்கி நடக்க முடியலை. "நீங்க கூட வர்றீங்களா அண்ணா, வாசல்ல நின்னாலும் போதும்"னு கேட்டா. போனேன். ஓசூர் ரோடு கல்லறையில எள்ளு போட்டா எள்ளு விழாது. எங்க பார்த்தாலும் செவந்தி, மெழுகுவர்த்தி, ஊதுவத்திப் புகை. அவ டெஸ்மண்ட் கல்லறையைத் தண்ணி விட்டுக் கழுவி, பூ வெச்சு, மெழுகுவர்த்தி ஏத்தினா. நான் பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஃபாதர் வரிசையா ஒவ்வொரு கல்லறையா தீர்த்தம் தெளிச்சுக்கிட்டே வந்தார். பக்கத்துல ஒரு சிஸ்டர் வாளி பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. புதுசா மாற்றலாகி வந்த ஃபாதர், எங்களைத் தெரியாது. பக்கத்துக் கல்லறை முடிச்சு இங்க திரும்பினார். ஜோவிதா கை கூப்பினா.

"இது வேண்டாம் ஃபாதர். என் வீட்டுக்காரர் வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவர்."

சொல்லும்போது குரல் நடுங்கலை. ஃபாதர் தலையை ஆட்டிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். சுத்தி நிக்கறவங்க எல்லாம் அவளையே பார்க்கறாங்க. அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மெழுகுவர்த்தி அணையாம கையை அணை கட்டி உக்காந்தா.

நான் பண்ணினதை அப்படியே அவளும் பண்றா. ஒரு வித்தியாசம், நான் ஜெயிக்கப் பண்ணினேன், அவ அவன் மேல இருக்கற மரியாதைக்குப் பண்றா. நான் சொன்ன பொய்யை மூணு வருஷமா வேதவாக்கா வெச்சுக்கிட்டு, சொந்த ஆசையைக் கொன்னுக்கிட்டு உக்காந்திருக்கா.

"ஜோவி"ன்னேன். "அவன் வேண்டாம்னு சொல்லலைம்மா."

அவ நிமிர்ந்து பார்த்தா.

"வேண்டாம்னது நான். அவன் வெறும் கையைத்தான் தூக்கினான். நான்தான் விடை குடுக்கறான்னு ஃபாதர்கிட்டச் சொன்னேன்."

"எப்படித் தூக்கினார்?"ன்னா. "காட்டுங்க."

பையைக் கீழ வெச்சுட்டு, இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்குச் சொல்லணுமா? முப்பது வருஷம் வாசகம் படிக்க நின்னு அந்தக் கையைப் பார்த்தவ.

"இது பொறுன்னு அர்த்தம்."

"ஆமா."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மெழுகுவர்த்திக்கு அணை கட்டின கையை அவ எடுத்துட்டா. அப்புறம் கேட்டா, "யாரைப் பொறுக்கச் சொன்னார் அண்ணா? ஃபாதரைப் போகாதீங்கன்னாரா? இல்ல, உங்களைப் பேசாதீங்கன்னாரா? இல்ல, எனக்கு இன்னும் நிச்சயம் வரலை, கொஞ்சம் இருங்கன்னாரா?"

"தெரியாதும்மா"ன்னேன்.

அறுபத்தெட்டு வயசுல இந்த விஷயத்துல நான் தெரியாதுன்னு சொன்னது அதுதான் முதல் தடவை.

"இதைத்தானே அன்னிக்கு ஃபாதர்கிட்டச் சொல்லியிருக்கணும்?" அவ குரல் இப்பத்தான் உடைஞ்சுது. "தெரியாதுன்னு ஒரு வார்த்தை. அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை. உறுதியா வேண்டாம்னாத்தான் அண்ணா பூசாம விடுவாங்க. தெரியாதுன்னா, சந்தேகம்னா, பூசிட்டுத்தான் போவாங்க. வருஷா வருஷம் பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்குடுக்கற பாடம் இது. உங்களுக்கு எது பெரிசு, அவரா, உங்க 'சாமி இல்லை'யா?"

கீழ வெச்ச பையைக் கையில எடுத்தேன்.

"போங்க"ன்னா. "போய் ஃபாதரைக் கூட்டிட்டு வாங்க."

ஓடினேன். ஃபாதர் அதுக்குள்ள நாலு வரிசை தாண்டிட்டார். கூட்டத்துல, "ஃபாதர், ஃபாதர்!"னு கத்தறேன், ஜெபச் சத்தத்துல யாருக்குக் கேக்குது? கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினேன். வாளி பிடிச்ச சிஸ்டர் பார்த்துட்டு ஃபாதர் தோளைத் தொட்டாங்க. அவர் நின்னார்.

"அந்தக் கல்லறைக்கு வரணும் ஃபாதர்."

"அவங்க வேண்டாம்னாங்களே?"

"அது நான் சொல்லி வெச்ச பொய். மூணு வருஷமா அவங்க அதை நம்பிட்டாங்க."

ஃபாதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இறந்தவருக்கு விசுவாசம் இருந்துதா?"

"தெரியாது ஃபாதர். அவருக்கே தெரியாது. தெரியாதுன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தார்."

"அதுக்கென்ன, வாங்க"ன்னு வாளியை அவரே வாங்கிக்கிட்டு நடந்தார்.

இவ்வளவுதான். இத்தனை சின்ன வேலை. நான் இன்னிக்கும் நாத்திகன்தான். தண்ணி தெளிக்கறதால செத்தவனுக்கு எதுவும் ஆயிடாதுன்னுதான் இப்பவும் நினைக்கறேன். ஆனா டெஸ்மண்ட் அப்படி நினைச்சானான்னு எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு அவன் வாயா நின்னு நான் பதில் சொன்னேன், அதுவும் அவனால தடுக்க முடியாத நேரம் பார்த்து. இதுக்கு எந்தச் சாமிகிட்டப் போய்ப் பாவமன்னிப்புக் கேக்கறது? எனக்குத்தான் ஒண்ணும் கிடையாதே.

ஃபாதர் தீர்த்தம் தெளிச்சு, டெஸ்மண்ட் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணார். ஜோவிதா வீங்கின முழங்காலோட மண்ணுல மண்டி போட்டா. நான் தூக்கி விடப் போனேன். என் கையைத் தொடாம, கல்லைப் பிடிச்சு அவளே எழுந்தா.

ஆட்டோவுல அவ வெளியவே பார்த்துக்கிட்டு வந்தா. வீட்டு வாசல்ல இறங்கும்போதுதான் திரும்பினா.

"இனிமே அவர் பேரைச் சொல்லி யாருக்கும் நீங்க பதில் சொல்லாதீங்க அண்ணா."

சரின்னேன். அவ உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.